தோசை டிரெய்லரை இழுக்கப் பெட்ரோல் பிக்கப்பா, டீசலா?

அக்கா மகன் ஹியூஸ்டனில் இருக்கிறான். பகலில் கணினி வேலை. அது போதாதென்று இரண்டு நண்பர்களோடு சேர்ந்து தோசை விற்கும் டிரெய்லர் ஒன்றைப் போட்டுவிட்டான், சனி ஞாயிறு ஆனால் கோவில் வாசல், பள்ளிக்கூட மைதானம், யாராவது கூப்பிட்ட கல்யாணம் என்று ஓடுகிறது. டிரெய்லரை இழுத்துப் போக இத்தனை நாள் ஆள் வைத்து வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவன், போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவனுக்கு ராத்திரி, எனக்குக் காலை, கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். "மாமா, சொந்தமா ஒரு பெரிய பிக்கப் வாங்கப் போறேன். கேஸ் வண்டியா, டீசலா? நீங்க சொல்றதைத்தான் வாங்குவேன்." இதை இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் அக்காவிடம் சொன்னால், "கேஸ் வண்டின்னா சிலிண்டர் ஏத்திக்கிட்டு புளோக்குக்குக் கீழே வருமே, அதுவாடா?" என்கிறாள். பெட்ரோலைத்தான் அந்த ஊரில் கேஸ் என்கிறார்கள் என்று விளக்கிச் சொல்லவே பத்து நிமிடம் ஆனது.

என்னிடம் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. 22 வருடமாகப் பிரைம் மூவர் ஓட்டுகிறேன், கிளாஸ் 5 லைசன்ஸ், துவாஸுக்கும் ஜூரோங்குக்கும் நடுவே 40 அடி கண்டெய்னர் இழுத்தே தலை நரைத்தது. அதனால் யோசிக்காமல் வாயில் வந்தது "டீசல்" என்பதுதான். கனமான எதையும் பெட்ரோல் எஞ்சின் இழுத்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் இரண்டு வாரம் அவனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, போன வருடம் அங்கே போயிருந்தபோது அவன் நண்பனுடைய ஃபோர்டு எஃப்-250 பெட்ரோல் பிக்கப்பை டிரெய்லரோடு ஓட்டிப் பார்த்ததையும் நினைத்துப் பார்த்த பிறகு என் பதில் மாறிவிட்டது. ஏன் மாறியது என்று எழுதி வைக்கிறேன். நம் ஊரிலிருந்து பிள்ளைகள் அந்தப் பக்கம் நிறையப் பேர் போயிருக்கிறார்கள், யாருக்காவது உதவும்.

எஞ்சினைப் பற்றிப் பேசும் முன்பு டிரெய்லரை எடை போடச் சொன்னேன். அங்கே நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று ஒரு எடை மேடை இருக்கும், கட்டணம் பெரிதில்லை. கல், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர், சிலிண்டர், மாவு வாளிகள் எல்லாம் ஏற்றி, வேலைக்குப் போகிற நாளில் எப்படி இருக்குமோ அப்படியே போய் நிறுத்தச் சொன்னேன். 9,600 பவுண்டு வந்தது, நம் கணக்கில் 4,350 கிலோ. விற்றவர் சொன்னதோ 7,000. அவர் பொய் சொல்லவில்லை, வெறும் டிரெய்லரின் எடையைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த எடையில் ஒரு பங்கு, டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கப்ளர் வழியாக வண்டியின் பின்பக்கத்தில் அழுத்தும். டங் வெயிட் என்பார்கள், நான் மூக்கு எடை என்று சொல்லிக்கொள்கிறேன். பந்து போட்டு இழுக்கிற இந்த மாதிரி டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் நாய்வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். அவனுக்கு 1,250 பவுண்டு. இதில் சமையல் டிரெய்லருக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது. போகும்போது நல்ல தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும், திரும்பும்போது அது காலியாகி அழுக்குத் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும். 40 கேலன் தண்ணீர் என்றாலே 330 பவுண்டுக்கு மேல். அழுக்குத் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் காலையில் ஒழுங்காக வந்த டிரெய்லர் ராத்திரி ஆடிக்கொண்டு வரும், ஓட்டுகிறவனுக்கு ஏன் என்றே புரியாது. அவனுடையது பின்னால்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, கொட்ட அனுமதி உள்ள இடத்தில் கொட்டிவிட்டுக் கிளம்பு என்று சொல்லியிருக்கிறேன். எந்த வண்டி வாங்கினாலும் இது மாறாது.

இனி வண்டிகள். அவன் மனதில் மூன்று இருந்தன, முதலாவது சீக்கிரம் கழன்றுகொண்டது. ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட், 400 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி டார்க் (திருகு விசை), சரியான தேர்வுகளோடு வாங்கினால் 13,500 பவுண்டு வரை இழுக்கும் என்று விளம்பரம். 9,600-தானே, தாராளம் என்று நினைத்திருந்தான். விளம்பரத்தை விடு, ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பு என்றேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த வண்டிக்கு 1,680. மூக்கு எடை 1,250, எடையை முன்பக்கமும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 100, மூன்று ஆள் 540, பின்னால் போடும் ஜெனரேட்டரும் ஐஸ்பெட்டியும் 150. கூட்டினால் 2,040 ஆகிறது. இழுக்கிற சக்தி இருக்கிறது, தாங்குகிற முதுகு இல்லை. நம் ஊரில் லோரியில் அதிகப் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், வேலை போகும். அங்கே பிடிக்க ஆள் குறைவு என்பதற்காக டயரும் பிரேக்கும் இரக்கம் காட்டப் போவதில்லை.

ஆக எஃப்-250, அதில் பெட்ரோலா டீசலா என்பதுதான் உண்மையான கேள்வி.

பெட்ரோல் எஞ்சின் 7.3 லிட்டர் வி8, 2020 மாடலில் வந்தது, காட்ஸில்லா என்று செல்லப் பெயர். 430 குதிரைத்திறன், டார்க் வருடத்தைப் பொறுத்து 475 அல்லது 485 பவுண்டு-அடி. இரும்பு பிளாக், பழைய பாணி புஷ்ராட், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு எஞ்சினைப் புதிதாக வடிவமைத்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம், கிழவன் ஒருவன் புதுச் சட்டை போட்டு வந்த மாதிரி. டீசல் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி தருகிற வகையும் 2023 முதல் உண்டு.

1,050-ஐயும் 475-ஐயும் பார்த்துவிட்டு டீசல் இரண்டு மடங்கு இழுக்கும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். நானும் நினைத்தேன். ஆனால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது எஞ்சின் டார்க் அப்படியே இல்லை, கியர் பெருக்கிக் கொடுத்த டார்க். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்று சுற்றும், அதற்குப் பின்னச்சில் 4.30 விகிதம் (எண் கூடினால் இழுவை கூடும்) போட்டு வாங்கலாம், 10 கியர் இருக்கிறது. உயரம் குறைந்த ஊரில் ஒரே ஏற்றத்தில் ஒரே வேகத்தில் இரண்டும் ஏறுமா என்றால், இந்த எடைக்கு ஏறும். வித்தியாசம் எப்படி ஏறுகிறது என்பதில். டீசல் 1,600 சுற்றிலேயே முழு டார்க்கையும் கொடுத்துவிடும், ஓட்டுகிறவன் பக்கத்து ஆளோடு மெல்லப் பேசிக்கொண்டே போகலாம். பெட்ரோல் வண்டி இரண்டு மூன்று கியர் கீழே இறங்கிக் கத்தும். போன வருடம் கெர்வில் தாண்டி ஐ-10 சாலையில் ஒரு ஏற்றத்தில் அது 4,500 சுற்றுக்குப் போனபோது என் கால் தன்னாலே ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க 1,200, 1,300 சுற்றில் 40 டன் இழுத்த காது அது, எஞ்சின் வெடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். வண்டிக்காரப் பையன் சிரிக்கிறான். அந்த எஞ்சின் அங்கேதான் வேலை செய்யும், அதற்காகவே செய்யப்பட்டது. சத்தம் பிடிக்காதவர்கள், நாள் முழுக்க இழுக்கிறவர்கள், இதற்காகவே டீசல் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன், அலுப்பும் ஒரு செலவுதான்.

உயரம் குறைந்த ஊர் என்றேன், அது முக்கியம். டர்போ இல்லாத எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், மேலே காற்று மெலிந்துவிடுவதால். புக்கிட் தீமா குன்றின் உச்சியே 163 மீட்டர்தான், பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தை ஏற்றம் என்று சொல்கிற நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,000 அடியைத் தாண்டுகிறது. அங்கே 430 குதிரையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும், 290-ஐ வைத்துக்கொண்டு ஏற வேண்டும். டீசலுக்கு டர்போ இருப்பதால் இந்த வலி மிகக் குறைவு. நியூ மெக்சிகோ எல்லையில் ரேட்டன் கணவாய் கூட 7,800 அடிக்கு மேல். மருமகன் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு மலையேறப் போகிறானா? இல்லை. ஹியூஸ்டன் கிட்டத்தட்ட கடல் மட்டம். டென்வரில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இறக்கத்தில் டீசல் ஜெயிக்கிறது, வாதமே இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் கால் வைக்காமலேயே வேகத்தைப் பிடித்து வைக்கும், நீண்ட இறக்கத்தில் அந்த நிம்மதி என் மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். பெட்ரோலில், பாரம் இழுப்பதற்கென்று இருக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தினால் கியர் இறங்கிப் பிடிக்கும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இரண்டிலுமே டிரெய்லரின் மின்சார பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி டாஷ்போர்டிலேயே வருமாறு வாங்க வேண்டும்.

அப்புறம் காசு. டீசல் எஞ்சினுக்கு மட்டும் ஏறக்குறைய 10,000 அமெரிக்க டாலர் கூடுதல். நம் ஊர் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சில்லறையாகத் தெரியலாம், தோசை விற்றுத்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று யோசித்தால் தெரியாது. அவன் வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுவான், அதில் டிரெய்லரோடு 4,000. டிரெய்லரோடு பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைல், டீசல் 11. வெறும் வண்டியாக 14-ம் 18-ம் வைத்துக்கொண்டேன். பெட்ரோல் 1,071 கேலன் குடிக்கும், டீசல் 808. பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்று கணக்குக்காக வைத்தால், வருடத்துக்கு மிச்சம் வெறும் 300 டாலர்! 10,000-ஐ எடுக்க 33 வருடம், அதற்குள் எனக்கு எண்பது வயது தாண்டிவிடும். விற்கும்போது டீசலுக்கு நல்ல விலை கிடைக்கும், உண்மை, கூடுதலாகப் போட்டதில் பாதி திரும்பி வருகிறது என்றே வைத்தாலும் 16 வருடம் ஆகிறது. இதில் டிஇஎஃப் (டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாத் திரவம்) செலவையும், எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது பெட்ரோலுக்கு 8 குவார்ட் போகிற இடத்தில் டீசலுக்கு 13 போவதையும், டீசல் வடிகட்டிகளையும் நான் சேர்க்கவே இல்லை.

ஆனால் இதே கணக்கை, ஊர் ஊராகச் சாமான் இழுத்தே பிழைக்கிற ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 30,000 மைல் டிரெய்லரோடு மட்டும் என்றால் மிச்சம் 1,400 டாலருக்கு மேல் போகிறது, பாதி திரும்பி வரும் என்ற அதே கணக்கில் மூன்றரை, நாலு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். அவருக்கு டீசல்தான். சரி, ஒரு விஷயம் மறந்துவிட்டேன், வேகத்தைக் குறைத்தாலே இந்த 8 மைல் கொஞ்சம் ஏறும். சமசாலையில் எண்ணெயைக் குடிப்பது எடையை விடக் காற்றுதான், சமையல் டிரெய்லர் ஒரு நிமிர்ந்த பெட்டி, பீரோவைக் கட்டி இழுக்கிற மாதிரி. ஏஒய்இ விரைவுச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத எனக்கு, டெக்சாஸில் டிரெய்லரோடு மணிக்கு 75 மைலில் பறக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. டிரெய்லர் டயர்கள் பல 65 மைலுக்குத்தான் செய்யப்பட்டவை, பக்கவாட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மனதை உண்மையில் மாற்றியது இந்தக் காசுக் கணக்கு இல்லை, என் சொந்த அனுபவம். சிங்கப்பூரில் 2018 முதல் புது டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 கட்டாயமானது, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, யூரியாத் திரவமான ஆட்புளூ எல்லாம் சேர்ந்தே வந்தன. கொஞ்ச காலம் பிரைம் மூவரை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் சின்ன லோரி ஓட்டினேன். ஜூரோங்கில் ஏற்றி பயனியரில் இறக்குவது, அங்கே ஏசி போட்டபடி அரை மணி நேரம் காத்திருப்பது, திரும்புவது. டிபிஎஃப் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டுமானால் சூடாக வேண்டும், சூடாக வேண்டுமானால் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும், என் லோரிக்கு அந்தப் பாக்கியமே கிடைக்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது, பட்டறைக்குப் போனேன், சுத்தம் செய்து அனுப்பினார்கள். மறுபடி எரிந்தது. மூன்றாவது முறை வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு ஆமை வேகத்தில்தான் போனது, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பின்னால் ஊரே ஹார்ன் அடிக்கிறது. வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பில்லைப் பார்த்த முதலாளி என்னைத்தான் முறைத்தார், நான் ஏதோ கரியை ஊதி உள்ளே தள்ளிய மாதிரி.

அமெரிக்க டீசல் பிக்கப்புகளிலும் 2007-லிருந்து இதே டிபிஎஃப், அதன்பின் 2010, 2011 வாக்கில் ஆட்புளூவும் வந்துவிட்டன. பெயர் மட்டும் அங்கே டிஇஎஃப். மருமகன் வார நாட்களில் அந்த வண்டியை எதற்கு எடுப்பான்? 6 மைல் தள்ளி அலுவலகம், குழந்தையின் பள்ளி, காய்கறிக்கடை. என் ஜூரோங்-பயனியர் கதை அப்படியே. பெட்ரோல் வண்டியில் இந்த வடிகட்டி இல்லை, யூரியா இல்லை, டர்போ இல்லை, உயர் அழுத்த டீசல் பம்ப் இல்லை. கெட்டுப்போக இல்லாத பொருள் கெட்டுப்போகாது.

முதுகுக் கணக்கிலும் பெட்ரோல்தான் முன்னால் நின்றது. டீசல் எஞ்சின் தானே கனம், அந்தக் கனத்தை, வண்டி சுமக்க அனுமதித்த எடையிலிருந்துதான் (பேலோட்) கழிக்கிறார்கள். அவன் அனுப்பிய ஸ்டிக்கர்களில் பெட்ரோல் எஃப்-250-க்கு 3,050 பவுண்டு, டீசலுக்கு 2,400. நம் 2,040-ஐ இரண்டும் தாங்கும், ஆனால் டீசலில் மிச்சம் 360-தான், தோசை மாஸ்டர் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தால் அதுவும் கரையும்.

டீசலுக்கு ஒரு நல்ல வார்த்தை பாக்கி இருக்கிறது, கடையில் வண்டி விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்ரோல் வண்டிக்கு 34 கேலன் தொட்டி, கேலனுக்கு 8 மைல் என்றால் 270 மைல், தொட்டியைச் சொட்டு விடாமல் காலி செய்ய யாருக்கும் தைரியம் வராது என்பதால் 200 மைலுக்கு ஒரு முறை நிறுத்தம். ஹியூஸ்டனிலிருந்து டாலஸ் 240 மைல். ஜோகூர் போக முக்கால் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய நமக்கு இது வேறு வகைக் கவலை. அதிலும், நிறுத்துகிற இடம் கார்களுக்கான பெட்ரோல் வரிசை, தலைக்கு மேல் கூரை, திரும்ப இடம் இருக்காது, 20 அடி டிரெய்லரோடு உள்ளே போய் மாட்டிக்கொண்டால் மானம் போய்விடும். டீசல்காரன் பெரிய லாரிகளின் வரிசையில் நேராக நுழைந்து நேராக வெளியே போவான். என் யோசனை, காலையில் டிரெய்லரை மாட்டும் முன்பே போய்த் தொட்டியை நிரப்பிக்கொள்வது. தூரப் பயணத்துக்கு, பெரிய லாரிகள் நிற்கும் இடங்களாகப் பார்த்து முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது.

மற்ற கம்பெனிகளையும் பார்த்தோம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎம் 6.6 லிட்டர் பெட்ரோல், 401 குதிரைத்திறன், 464 பவுண்டு-அடி, நல்ல எஞ்சின்தான், ஆனால் 2024-க்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளில் 6 கியர்தான், பழைய வண்டி வாங்குகிறவர்கள் பார்த்து வாங்க வேண்டும். ராம் 2500-இன் 6.4 லிட்டர் ஹெமியில் டார்க் 429, மூன்றில் குறைவு. பழைய டீசலாக, டிபிஎஃப் வராத காலத்து வண்டியாக வாங்கலாமே என்று அவன் நண்பன் ஒருவன் சொன்னான். 20 வயது வண்டியை நம்பி 200 பேருக்குத் தோசை போடுகிறேன் என்று முன்பணம் வாங்க முடியுமா? லைசன்ஸும் பிரச்சினை இல்லை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 26,001 பவுண்டுக்குக் கீழே இருப்பதால் அவனுடைய சாதாரண லைசன்ஸே போதும். இங்கே எஃப்-250 மாதிரி கனமான பிக்கப்பை ஓட்டவே கிளாஸ் 4 வேண்டும்.

7.3 பெட்ரோல், 4.30 பின்னச்சு, டிரெய்லர் பிரேக் கருவி என்று சொல்லி முடித்தேன். "மாமா, நீங்களா பெட்ரோல் சொல்றீங்க?" என்று இரண்டு முறை கேட்டான். முதலில் பார்த்த வண்டியில் 3.55 போட்டிருந்தது, விற்பனையாளர் அது எண்ணெயை மிச்சப்படுத்தும் என்றாராம். வெறும் வண்டியாக ஓட்டும்போது ஏதோ கொஞ்சம் மிச்சப்படலாம், டிரெய்லரை மாட்டினால் அது எப்படியும் ஒரு கியர் கீழேயே கிடக்கும், வேண்டாம் என்றேன். 4.30 உள்ள வண்டி சான் அன்டோனியோவில் ஒன்று இருக்கிறதாம், வெள்ளை நிறம், இந்த சனிக்கிழமை பார்க்கப் போகிறான். ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் முன்பணம் கட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா மட்டும் இன்னும் சிலிண்டர் எங்கே வைப்பான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.